பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸை யாரும் பார்ப்பதில்லையா, இல்லை நாம்தான் தப்பாக எண்ணுகிறோமா?

எடிசன்காரன்:

போன வாரம் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த சண்டை இது, அங்கே முடியாததால் இங்கே கொண்டு வருகிறேன். நான் நியூ ஜெர்சிக்கு வந்தது 1999-இல். வந்த வருஷமே நியூயார்க் யாங்கீஸ் கோப்பை ஜெயித்தார்கள், அடுத்த வருஷம் யாங்கீஸும் அதே ஊர் மெட்ஸும் ஃபைனலில் மோதினார்கள், ரயிலில் ஏறினால் வேறு பேச்சே கிடையாது. அதனால் பேஸ்பால்தான் இந்த நாட்டின் கிரிக்கெட் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது உட்கார்ந்து கணக்கைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

வேர்ல்ட் சீரிஸ் என்பது பேஸ்பாலின் ஃபைனல், ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தவருக்குக் கோப்பை. 1978-இல் யாங்கீஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் மோதிய வேர்ல்ட் சீரிஸை அமெரிக்க டிவியில் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 4.4 கோடிப் பேர் பார்த்திருக்கிறார்கள். 1991-இல் 3.5 கோடி. 2004-இல் 2.5 கோடி. 2012-இல் 1.27 கோடி. 2020-இல் முதல் தடவையாக ஒரு கோடிக்குக் கீழே. 2023-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ், அரிசோனா டைமண்ட்பேக்ஸ் ஆடியபோது 91 லட்சம், இதுவரை வந்ததிலேயே குறைவு. இத்தனைக்கும் இடையில் மக்கள்தொகை பத்துக் கோடிக்கு மேல் கூடியிருக்கிறது!

என் கட்சி எளிமையானது. ஆட்டம் மெதுவானது, காலம் வேகமானது, ஆகவே செத்துக்கொண்டிருக்கிறது. மறுப்பவர்கள் வரலாம்.

ஆர்லிங்டன் அம்பி:

வந்துவிட்டேன். நான் ரேஞ்சர்ஸ் ஊர்க்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த 91 லட்சத்தில் என் வீட்டு நாலு பேரும் அடக்கம்.

மெதுவான ஆட்டம் என்கிற வாதம் 2023-இல்தான் உடைந்தது, அந்த வருஷத்தையே நீங்கள் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள். பிட்ச் கிளாக் வந்ததே அந்த வருஷம்தான். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடி, இருந்தால் 20 விநாடி (2024-இலிருந்து 18), அதற்குள் பிட்சர், அதாவது பந்து எறிபவர், எறிய ஆரம்பித்தாக வேண்டும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் 3 மணி 4 நிமிஷத்திலிருந்து 2 மணி 40 நிமிஷத்துக்கு இறங்கியது. மூக்கைச் சொறிவது, கையுறையைக் கழற்றி மாட்டுவது எல்லாம் போயிற்று. ஆட்டம் வேகமானது, கூட்டம் குறைந்தது. பிறகு 2024-இல் கிட்டத்தட்ட அதே விதிகள், அதே வேகம், ஆனால் டாட்ஜர்ஸும் யாங்கீஸும் ஆடியதால் 1.58 கோடி. ஒரே வருஷத்தில் முக்கால் பங்கு ஏற்றம். வேகம்தான் நோய் என்றால் இது எப்படி நடந்தது?

எடிசன்காரன்:

பெரிய ஊர் ஆடினால் பெரிய கூட்டம். இதில் என்ன ஆச்சரியம்?

ஆர்லிங்டன் அம்பி:

அதுவும் சரியில்லை. டாலஸ் - ஃபோர்ட் வொர்த் இந்த நாட்டின் மிகப் பெரிய ஐந்து டிவி சந்தைகளில் ஒன்று, ஃபீனிக்ஸும் குக்கிராமம் இல்லை. ஊர் பெரிது, பெயர்தான் பெரிதில்லை. எங்கள் அணி 1972-இல் டெக்சஸுக்கு வந்தது, ஐம்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம், 2011-இல் கோப்பைக்கு இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக், அதாவது எதிரணி கோட்டை விடும் ஒரே ஒரு பந்து, போதும் என்கிற நிலைமைக்கு ஒரே ராத்திரியில் இரண்டு முறை வந்து இரண்டு முறையும் கோட்டை விட்டோம். அந்த ராத்திரியை இங்கே யாரிடமும் பேசிவிடாதீர்கள். கடைசியில் 2023-இல் ஜெயித்தோம். முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் சீகர் அடித்துச் சமன் செய்து, பதினொன்றாவதில் கார்சியா அடித்து முடித்தார், என் பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தாண்டி வந்து கட்டிப்பிடித்தார். அவர் என்னோடு அதுவரை புல் வெட்டுவதைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறார். இவ்வளவும் நடந்த சீரிஸ்தான் நாட்டுக்குப் பிடிக்காத சீரிஸ்.

ஊருக்குள் தீப்பிடித்த மாதிரி இருந்தது, ஊருக்கு வெளியே புகைகூடத் தெரியவில்லை. நீங்கள் பார்க்கும் எண் வெளியே நிற்கிறவனுடைய எண்.

மோர்க்குழம்பு:

சென்னையிலிருந்து ஒரு குறுக்கீடு. எனக்கு பேஸ்பால் ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் அம்பி சொல்வது புரிகிறது. 2024 ஐபிஎல் ஃபைனல் நம்ம சேப்பாக்கத்தில்தான் நடந்தது. சிஎஸ்கே பிளேஆஃபுக்கே போகவில்லை. கொல்கத்தாவும் ஹைதராபாதும் ஆடினார்கள். என் வீட்டிலிருந்து மைதானம் ஆறு கிலோமீட்டர், நான் டிவியைக்கூடப் போடவில்லை. அதற்கு முந்தின வருஷம் அகமதாபாதில் மழை கொட்டி, விடிகாலை ஒன்றரை மணிக்கு ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்தபோது தெருவே விழித்திருந்தது. அப்போது எனக்குப் பிடித்தது கிரிக்கெட்டா, சிஎஸ்கேவா?

எடிசன்காரன்:

மோர்க்குழம்பு தம்பி, உங்கள் உதாரணம் நன்றாக இருக்கிறது, ஆனால் அதுவே எனக்குத்தான் சாதகம். 1978-இல் அட்லாண்டாக்காரனும் டெட்ராய்ட்காரனும் யாங்கீஸ் ஆட்டத்தைப் பார்த்தார்களே! அவர்கள் அணியா ஆடியது? இப்போது ஏன் பார்ப்பதில்லை என்பதுதான் கேள்வி.

பழைய ரேடியோ:

தம்பிமார்களுக்கு வணக்கம். நான் 1978 செப்டம்பரில் இந்த நாட்டில் இறங்கியவன், அந்த 4.4 கோடியில் ஒருவன், ஆகவே நேரில் பார்த்த சாட்சி.

ஏன் பார்த்தோம் என்றால் வேறு என்ன இருந்தது? ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, மூன்று சேனல். அப்புறம் பொதுச் சேனல் ஒன்று, அதில் யாராவது சமைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் நாலு பட்டதாரி மாணவர்கள், ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி, ஆண்டெனாவில் அலுமினியத் தாள். ஆட்டம் புரியாமலே பார்த்தேன். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் பேசுவதற்கு அதுதான் இருந்தது, பார்க்காமல் போனால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். 1980-இல் ஃபிலடெல்ஃபியா ஜெயித்த ஆறாவது ஆட்டம் நினைவிருக்கிறது, கடைசி இன்னிங்ஸில் மைதானத்துக்குள் போலீஸ் குதிரைகளும் நாய்களும் வந்து நின்றன. அதைப் பார்த்தவர்கள் 5.4 கோடிக்கும் மேல், இன்றுவரை அந்த எண்ணை எந்த பேஸ்பால் ஆட்டமும் தொடவில்லை. அந்தச் சீரிஸ் நடந்த ராத்திரிகளில் நாட்டில் எரிந்த டிவிகளில் பாதிக்கும் மேல் அதில்தான் இருந்தன.

அதெல்லாம் அன்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி அன்பு, பாதி வேறு வழியில்லாமை. 1983-இல் ஒரு தொடரின் கடைசி எபிசோடை 10 கோடிப் பேர் பார்த்த நாடு இது. அந்த மாதிரி எண் இப்போது எந்தத் தொடருக்கு வருகிறது?

எடிசன்காரன்:

சார், சொன்னது சரி, ஆனால் ஒன்று இடிக்கிறது. சேனல் பெருகியது, நெட்ஃபிளிக்ஸ் வந்தது, கேபிள் சந்தாவை நிறுத்தினார்கள், எல்லாம் உண்மை. அதே காலத்தில்தான் சூப்பர் பௌல், அதாவது அமெரிக்க ஃபுட்பாலின் ஃபைனல், 2025-இல் 12.7 கோடிக்கு ஏறியது! அதே வீடுகள், அதே ஃபோன்கள், அதே சிதறிய கவனம். ஃபுட்பாலுக்கு மட்டும் ஏன் சிதறவில்லை? எல்லாரும் இறங்கினார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒருவர் ஏறியிருக்கிறார்.

பழைய ரேடியோ:

இது நல்ல கேள்வி. இதற்கு என்னிடம் ஒரு கதைதான் இருக்கிறது, பதில் இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள்.

1986. மெட்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும். ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டன் ஆட்டக்காரர் பக்னரின் காலிடுக்கில் பந்து போனது எல்லாருக்கும் தெரியும், என்பிசியில் வின் ஸ்கல்லி வர்ணனை. அடுத்த நாள் மழை, அதனால் ஏழாவது ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. திங்கள் ராத்திரி என்றால் ஏபிசியில் ஃபுட்பால், அன்றைக்குப் பார்த்து நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆட்டம், அதுவும் நம்ம நியூ ஜெர்சி மைதானத்தில். என்ன நடந்தது தெரியுமா? ஃபுட்பால் பார்க்க டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருந்தவர்களே காதில் ரேடியோவை வைத்துக்கொண்டு மெட்ஸ் ரன் எடுத்தபோது கத்தினார்கள். கீழே ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆச்சு என்று நிமிர்ந்து பார்த்தார்களாம். அந்த ராத்திரி பேஸ்பாலுக்கு ரேட்டிங் 38.9, அதாவது டிவி உள்ள நூறு வீட்டில் ஏறக்குறைய 39. திங்கள் ஃபுட்பாலுக்கு 8.8, அதுவரை அதற்கு வந்ததில் மிகக் குறைவு.

இப்போது 2023-க்கு வாருங்கள். மூன்றாவது ஆட்டம், அதே திங்கட்கிழமை ராத்திரி. டெட்ராய்ட் லயன்ஸ், லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் ஆடிய சாதாரண லீக் ஃபுட்பாலுக்கு இரு மடங்குக்குக் கிட்ட கூட்டம். வேர்ல்ட் சீரிஸுக்கு 80 லட்சத்துச் சொச்சம்.

நடுவே நடந்ததை நான் பார்த்தேன். 1994 ஆகஸ்டில் வேலைநிறுத்தம், அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸே இல்லை. இரண்டு உலகப் போர்களின்போதும் நடந்தது, 1989-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பூகம்பத்தில் பத்து நாள் நின்று மறுபடி நடந்தது, சம்பளத் தகராறில் நடக்கவில்லை. நானே இரண்டு வருஷம் பார்க்கவில்லை, கோபம். அந்த அக்டோபரில் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் பார்க்கப் பழகிக்கொண்டேன். பழக்கம் போனால் போனதுதான்.

நிலா அக்கா:

அய்யா சொல்லும் பழக்கம் என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறேன். நான் அயோவாவில் டெ மொய்ன் பக்கம். என் பையனுக்குப் பத்து வயசு, லிட்டில் லீக் என்கிற சிறுவர் பேஸ்பாலில் செகண்ட் பேஸ் ஆடுகிறான், தூங்கும்போதும் கையுறையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறான். இவ்வளவு பைத்தியமாக இருக்கிற குழந்தை ஒரு வேர்ல்ட் சீரிஸ் ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. கிழக்கு நேரம் எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறார்கள், எங்களுக்கு ஏழு. ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் தூக்க நேரம் வந்துவிடும். உங்கள் நியூ ஜெர்சியில் முடியும்போது நள்ளிரவைத் தொடும். மறுநாள் பள்ளிக்கூடம்.

முன்பெல்லாம் பகலில்தான் நடக்குமாம். 1971-இல் பிட்ஸ்பர்கில் முதல் ராத்திரி ஆட்டம். 1987-க்குப் பிறகு பகல் ஆட்டமே கிடையாது, அந்தக் கடைசி பகல் ஆட்டமும் மினசோட்டாவில் கூரைக்குள்ளே! ராத்திரிக்குப் போனால் விளம்பரப் பணம் அதிகம், அது புரிகிறது. ஆனால் 1990-இல் தூங்கப் போன பத்து வயசுப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பத்தைந்து. அவர்கள் இப்போது என்ன பார்க்கிறார்கள்? 2016 கணக்கில் டிவியில் பேஸ்பால் பார்க்கிறவர்களின் நடு வயது 57.

இன்னொன்று. அயோவாவில் பெரிய லீக் அணியே இல்லை. ஆனால் சிகாகோவின் இரண்டும், செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி, மினசோட்டா, மில்வாக்கி ஆக ஆறு அணிகள் எங்கள் மாநிலத்தைத் தங்கள் வட்டாரம் என்று உரிமை கொண்டாடின, அதனால் பணம் கட்டி ஆன்லைன் சந்தா வாங்கினாலும் அந்த ஆறு அணிகளின் ஆட்டமும் தெரியவில்லை. ஆசை ஆசையாக மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன், முதல் நாளே திரையில் உங்கள் பகுதியில் கிடைக்காது என்று வந்தது. மிக அருகில் இருக்கிற அணியைப் பார்க்க முடியவில்லை, சியாட்டிலைப் பார்க்க முடிந்தது. அந்த வட்டார கேபிள் சேனல்கள் இல்லாத வீட்டில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு குழந்தைக்கு ஒருத்தர் பெயரும் தெரியாமல் வளர்த்துவிட்டு, அக்டோபரில் வா வா என்று கூப்பிட்டால் எப்படி வரும்?

ஆர்லிங்டன் அம்பி:

அக்கா, நான் இரண்டு நாளாகச் சொல்லத் தெரியாமல் சொல்ல முயன்றதை இரண்டு பத்தியில் சொல்லிவிட்டீர்கள்.

எடிசன்காரருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஃபுட்பாலில் ஓர் அணிக்கு 17 ஆட்டம். எல்லா ஆட்டத்தின் உரிமையையும் லீகே மொத்தமாகத் தேசிய சேனல்களுக்கு விற்கிறது. ஞாயிறு மதியம் டாலஸில் உட்கார்ந்து கிரீன் பே ஆட்டத்தைப் பார்த்து வளர்கிறான் பையன், அதனால் ஃபைனலில் யார் வந்தாலும் தெரிந்த முகம். பேஸ்பாலில் ஓர் அணிக்கு 162 ஆட்டம். பெரும்பாலானவற்றை அந்தந்த அணி தன் வட்டாரச் சேனலுக்கு விற்றது, கொழுத்த பணம், ஆனால் அணிக்குச் சுற்றிலும் மதில் எழும்பியது. ஆறு மாசம் தினமும் ராத்திரி என் அணியை மட்டும் பார்க்கிறேன். அரிசோனாவின் மூன்றாவது பிட்சர் யார் என்று எனக்கு ஃபைனல் வந்த பிறகுதான் தெரியும். வட்டாரச் சேனல்களில் பெரிய நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது, அந்த மதிலும் இப்போது சரிந்துகொண்டிருக்கிறது, அது வேறு கதை.

ஆட்டம் சாகிறது என்பவர்கள் மைதானத்துக்குள் போய்ப் பார்க்கட்டும். 2024-இல் விற்ற டிக்கெட் 7.13 கோடி. சாகிற ஆட்டத்துக்கு இத்தனை பேர் கார் நிறுத்தக் காசு கொடுப்பார்களா? (அந்தப் பார்க்கிங் கட்டணத்தைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்க வேண்டும்.)

எடிசன்காரன்:

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மதிலைக் கட்டியது யார்? அவர்கள்தானே. பிளேஆஃபையும் பாருங்கள். 1968 வரை லீகில் முதலாவதாக வந்தவன் நேராக வேர்ல்ட் சீரிஸ். 1995-இலிருந்து வைல்ட் கார்டு, அதாவது பிரிவில் முதலிடம் வராதவனுக்கும் ஓர் இடம், 2022-இலிருந்து 12 அணி. 2023-இல் ஃபைனலுக்கு வந்த இருவருமே வைல்ட் கார்டு! அரிசோனா 162-இல் 84 ஆட்டம்தான் ஜெயித்திருந்தது. அம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆறு மாசம் ஆடி முதலிடம் பிடித்தவன் ஐந்து ஆட்டத்தில் வெளியே போகிறான், நாலைந்து வாரம் சூடான அணி ஃபைனலுக்கு வருகிறது. அக்டோபர் முழுக்க பிளேஆஃப் பார்த்துக் களைத்த பிறகு ஃபைனல் என்பது இன்னொரு சுற்று, அவ்வளவுதான்.

ஆர்லிங்டன் அம்பி:

கோபித்துக்கொள்கிறேன். வெளியூரில் ஆடிய பதினொரு பிளேஆஃப் ஆட்டத்தையும் ஜெயித்த அணி எங்களுடையது. சூடு என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள்.

ஆனால் வாதம் தப்பில்லை. ஒரு சின்னத் திருத்தம் மட்டும், சராசரியைப் பார்க்கும்போது எத்தனை ஆட்டம் போனது என்றும் பாருங்கள். ஏழாவது ஆட்டம் எப்போதும் எண்ணைத் தூக்கும். 2016-இல் சிகாகோ கப்ஸ், 1908-க்குப் பிறகு முதல் கோப்பை, ஏழாவது ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ் சமன், 17 நிமிஷம் மழை, பத்தாவதில் முடிந்தது. அந்த ஒரு ராத்திரியை 4 கோடிப் பேர் பார்த்தார்கள், சீரிஸ் சராசரியோ அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது. நாலே ஆட்டத்தில் முடிந்தும் 2004 மட்டும் 2.5 கோடி எடுத்தது, பாஸ்டன் 86 வருஷம் காத்திருந்த கதையால். கதை இருந்தால் வெளியூர்க்காரனும் வருகிறான். எல்லா வருஷமும் கதைக்கு எங்கே போவது?

மோர்க்குழம்பு:

ஒரு சந்தேகம். இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள்? நம்ம ஊர் டிஆர்பி பெட்டி மாதிரியா? அதை நம்புகிறவன் நான் இல்லை.

ஆர்லிங்டன் அம்பி:

அதே மாதிரிதான், நீல்சன் என்கிற நிறுவனம், தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி வைத்து நாட்டுக்கே கணக்குப் போடுவார்கள். ஆனால் அளவுகோலே மாறிக்கொண்டிருக்கிறது. பல வருஷம் வீட்டில் பார்த்தவர்களை மட்டும் எண்ணினார்கள், பாரில் பார்த்த ஐம்பது பேர் கணக்கில் இல்லை. 2020-இலிருந்து வெளியே பார்ப்பவர்களையும் சேர்த்தார்கள், 2025-இல் அதை விரிவாக்கினார்கள், அதே வருஷம் செப்டம்பரிலிருந்து கேபிள் பெட்டி, ஸ்மார்ட் டிவி தரவுகளையும் கலக்கிறார்கள். ஆகவே 2025-இல் எல்லா விளையாட்டுக்கும் எண் கொஞ்சம் ஊதித்தான் வரும். இன்னொரு பக்கம், 2023-இன் 91 லட்சம் வெளியே பார்ப்பவர்களைச் சேர்த்தும் வந்த எண். 1978 முறையில் அளந்திருந்தால் இன்னும் கீழே போயிருக்கும். இதைச் சொன்னதற்காக எடிசன்காரர் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எடிசன்காரன்:

நன்றி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.

ஸ்கார்பரோ சிவா:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் அமெரிக்கக் கணக்கையே கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கனடாவில் நாங்களும் மனிசர்தான்.

1992, 93-இல் எங்கட டொரோண்டோ ப்ளூ ஜேஸ் இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்தபோது அமெரிக்க எண்ணைப் பாருங்கோ. 1991-இல் 3.5 கோடி, 92-இல் 3 கோடி, 93-இல் இரண்டரைக் கோடியை எட்டவில்லை. உடனே பேஸ்பால் விழுந்துவிட்டது என்று எழுதினார்கள். ஆடிய இரண்டு ஊரில் ஓர் ஊரே அந்தக் கணக்கில் இல்லை! அவர்களின் ஸ்கைடோம் மைதானத்துக்கு ஒரு சீசனில் 40 லட்சம் பேர் போன காலம் அது. அப்பா அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர், 93-இல் ஜோ கார்ட்டர் அடித்த அந்தக் கடைசி ஹோம் ரன்னை சமையலறைக்குள் ரேடியோவில் கேட்டவராம். என்ன நடந்தது என்று விளங்கவில்லை, ஆனால் முதலாளி எல்லாருக்கும் குடிக்க வாங்கிக் கொடுத்ததால் நல்லது நடந்திருக்கிறது என்று விளங்கியது என்பார்.

அதன்பிறகு 32 வருஷம். போன வருஷம், 2025, ப்ளூ ஜேஸும் டாட்ஜர்ஸும். மூன்றாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில், 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிஷம். டொரோண்டோவில் அது முடியும்போது விடியப்புறம் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அம்மா 15-ஆவது இன்னிங்ஸில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, இதுக்கு முடிவே இல்லையோ தம்பி என்று கேட்டா. கடைசியில் ஃப்ரீமன் அடித்து முடித்தார், நான் இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டுவிட்டு வேலைக்குப் போனேன், ரயிலில் இருந்த எல்லா முகமும் என்னுடைய முகம்தான்.

ஏழாவது ஆட்டத்தை கனடாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் பார்த்தார்கள், நாங்கள் மொத்தமே நாலு கோடிச் சொச்சம். அமெரிக்காவில் இரண்டரைக் கோடிக்கு மேல், ஜப்பானையும் சேர்த்தால் 5 கோடியைத் தாண்டியது. 1991-க்குப் பிறகு இவ்வளவு பேர் பார்த்த பேஸ்பால் ஆட்டம் இல்லை. ஒன்பதாவதில் இரண்டு அவுட் தள்ளினால் கோப்பை என்று நின்றோம், ரோஹாஸ் அடித்துச் சமன் செய்தார், பதினொன்றாவதில் வில் ஸ்மித். 5-4. இதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆர்லிங்டன் அம்பி:

சிவா, 2011-காரன் என்ற முறையில் உங்கள் தோளில் கை போடுகிறேன்.

நிலா அக்கா:

ஜப்பான் பற்றிச் சொன்னதும் ஒன்று. 2024 சீரிஸை அங்கே சராசரியாக 1.21 கோடிப் பேர் பார்த்தார்கள், டாட்ஜர்ஸில் ஆடும் ஜப்பான்காரர்கள் ஓதானி, யமமோதோ இரண்டு பேருக்காக. அங்கே மக்கள்தொகை இங்கிருப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அங்கே அது காலை ஒன்பது மணி! குழந்தைகள் வார இறுதியில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அமெரிக்கக் குழந்தைக்குக் கிடைக்காத பகல் ஆட்டம் ஜப்பான் குழந்தைக்குக் கிடைக்கிறது. இதைவிட வேடிக்கை உண்டா?

சனிக்கிழமை ஒரே ஓர் ஆட்டம், மதியம் மூன்று மணிக்கு வையுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

எடிசன்காரன்:

அக்கா, சனி மதியம் காலேஜ் ஃபுட்பால். வேர்ல்ட் சீரிஸைக் காட்டுகிற ஃபாக்ஸ் சேனலே அதைக் காட்டிக்கொண்டிருக்கும். நடக்காது.

2028-இல் ஃபாக்ஸ் ஒப்பந்தம் உட்பட தேசிய டிவி ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முடிகின்றன, வட்டார உரிமைகளையும் சேர்த்து மொத்தமாக விற்க லீக் ஆசைப்படுகிறது. அக்காவின் அயோவாவுக்கு அப்போது விடிந்தாலும் விடியலாம். யாங்கீஸ், டாட்ஜர்ஸ் மாதிரி சொந்தச் சேனலில் கொழிக்கிறவர்கள் தங்கள் பங்கைக் கொடுப்பார்களா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் அணியைப் பற்றி நானே சொல்கிறேன், கொடுக்க மாட்டார்கள்.

என் தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். ஆட்டம் சாகவில்லை, ஊர் ஊராகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் 91 லட்சம் 91 லட்சம்தான். அதற்கு எத்தனை காரணம் சொன்னாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பழைய ரேடியோ:

எனக்கு அவ்வளவு வருத்தமில்லை தம்பி. 1978-இல் நான் பார்த்தது வேறு வழியில்லாமல். போன நவம்பரில் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருந்தது, ஐந்நூறு சேனல் கையில் இருந்தும். டாக்டர் திட்டினார்.

மோர்க்குழம்பு:

இவ்வளவு படித்த பிறகு எனக்கே ஆசை வந்துவிட்டது. கிழக்கு நேரம் ராத்திரி எட்டு என்றால் நமக்குக் காலை ஐந்தரை, பால் பாக்கெட் எடுக்க எப்படியும் எழுந்திருக்கிறேன். வருகிற அக்டோபருக்கு ஓர் அணி சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ சிவா:

ப்ளூ ஜேஸ். இதில் கேட்க என்ன இருக்கிறது?

ஆர்லிங்டன் அம்பி:

ரேஞ்சர்ஸ். பெயர் தெரியாத அணியைப் பிடித்தால்தான் மதிப்பு.

எடிசன்காரன்:

தம்பி, அப்படியெல்லாம் கடையில் பொறுக்குகிற மாதிரி பொறுக்கக் கூடாது. அமெரிக்காவில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது உண்டா? அவர் ஊர் அணிதான் உங்கள் அணி.

மோர்க்குழம்பு:

அத்தை மகன் ஒருத்தன் க்ளீவ்லாண்டில் இருக்கிறான்.

எடிசன்காரன்:

அப்படியானால் கார்டியன்ஸ். கடைசியாகக் கோப்பை ஜெயித்தது 1948.

ஆர்லிங்டன் அம்பி:

2016-இல் கப்ஸ் ஜெயித்த ஏழாவது ஆட்டம் சொன்னேனே, அதில் தோற்றவர்கள் இவர்கள்தான். பால் பாக்கெட்டை மெதுவாகவே எடுங்கள்.